அட்டையில் மரம்

ஒருவர் ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு பிரச்சினைக்காகத்தான் வாய் திறக்கலாம் என்று சட்டம் வந்தபோது, ஜெபசீலி உள்ளுக்குள் நிம்மதிதான் அடைந்தாள். இருபது வருடம் எல்லாவற்றுக்கும் ஓடி ஓடி அலுத்துப் போயிருந்தாள். சட்டம் வந்த பிறகும் ஆண்டுதோறும் தன் பிரச்சினையாக அவள் பதிந்துவந்தது காவல் நிலைய அடி உதையைத்தான். இந்த ஜனவரியில் அதற்குமேல் முடியவில்லை. மரங்கள் என்று பதிந்து அட்டை வாங்கிக்கொண்டாள்.

இன்று காலை அவள் கணவன் எட்வினை மீன் சந்தையில் வைத்துப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

அவள் தங்கள் மனித உரிமைச் சங்கத்துக்கு ஓடினாள். "ஸ்டேஷன் விவகாரத்த இந்த வருஷம் யாரு எடுத்திருக்கா அண்ணாச்சி? உடனே அனுப்புங்க."

செயலாளர் வானமாமலை பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். பதினேழு பேரில் ஒருவர்கூட அதைப் பதிந்திருக்கவில்லை. "நீ எடுப்பேன்னு நெனச்சுதானம்மா நாங்க எல்லாரும் வேற வேற எடுத்தோம்."

ஸ்டேஷன் வாசலில் காவலர் அவள் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"மரமா? பின்னால ஒரு வேப்பமரம் நிக்கி. அதப் பத்தி என்ன வேணாலும் பேசுங்க. வேற ஒரு வார்த்த வந்துது, நீங்களும் உள்ளதான்."

ஜெபசீலி பின்பக்கம் போனாள். வேப்பமரத்துக்கு நேரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே எட்வின் அலறினான். அவள் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்:

"மரத்த அடிக்காதீங்கய்யா! மரத்த அடிக்காதீங்க!"