ஒட்ட நறுக்கிய வால்

“இந்த வருஷமும் வால் போச்சு!”

வாசலில் நின்று சிரித்தான் ஜெரார்ட். அவன் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான் எம்மெட். நீலக்கோடு போட்ட அவன் சட்டையில் முதுகுக்குக் கீழே ஒரு முழத் துணியைக் காணோம்.

கொலெட் இடுப்பிலிருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். சிரிக்கிறவன் கூடப்பிறந்த அண்ணன். தலை குனிந்து நிற்பவன் கட்டினவன். யார் பக்கம் பேசுவது?

பென்சில்வேனியா மலையில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தாத்தா காலத்துப் பழைய துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்புவார்கள். குழாய் வாய் வழியாக வெடிமருந்தைக் கெட்டித்து, ஈயக்குண்டைத் துணியில் சுற்றி இடித்து இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். குறி தவறினால் வேட்டைக்குடில் சட்டப்படி சட்டை வாலை நறுக்கிவிடுவார்கள். நாலு வருஷமாக எம்மெட் வால்தான் போகிறது. கத்தரிக்கோல் எப்போதும் ஜெரார்ட் கையில்.

“மாப்ள, குப்பியில நூத்திப்பத்துக் கோட்டுக்குக் கொறைச்சு மருந்து போடாதன்னு சொன்னேன்ல?”

“போட்டேன் மச்சான். தோள்பட்டையே கழண்டுபோச்சு. மான் என்னைத் திரும்பிப் பாத்துட்டு, ஓடக்கூட இல்ல, நடந்தே போச்சு.”

“அப்ப நூத்தி இருபது போடு. மருந்து ஏற ஏறத்தான்யா குண்டு நேராப் போகும்!”

கொலெட் குறுக்கே புகுந்தாள். “குழாய் வெடிச்சுடாதாண்ணா?”

“உனக்கெதுக்கு இந்தக் கவலை? நீ சட்டையைத் தை, போதும்.” நறுக்கிய துணியை விரலால் தேய்த்துப் பார்த்தான். “என்னடி, இந்தத் தடவை வழவழன்னு இருக்கு?” பதிலுக்குக் காத்திராமல் பையில் திணித்துக்கொண்டான். “குடில் அடுப்புல போட்டுடறேன். அப்பத்தான் பீடை போகும்.”

மர ஆலை மூடியதிலிருந்து எம்மெட்டுக்கு வேலையில்லை. குளிர்பெட்டி காலி. ஒரு மான் விழுந்தால் பனி உருகும்வரை கறிக்குக் கவலையில்லை. சீசனில் மிச்சமிருப்பது ஒரே ஒரு சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். எம்மெட்டைப் பக்கத்திலேயே நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும்படி அண்ணனிடம் கெஞ்சிப் பார்க்கலாம்.

அண்ணன் இல்லை. அண்ணி மார்லீன் சமையல் மேஜையில் துணியை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிண்ணத்தில், துணியில் தடவப் பன்றிக் கொழுப்பு.

நீலக்கோடு போட்ட துணி.

“வா கொலெட். நீ தச்ச சட்டைதான், பாரு! இதைச் சுத்தினாத்தான் உங்கண்ணனுக்குக் குண்டு நூல் பிடிச்ச மாதிரி போகுமாம். போன வருஷத்தது தீந்துபோச்சு. அதான் புதுசு வெட்டறேன்.”

“அடுப்புல போடறதா சொன்னாரே?”

“இதையா? தங்கமா வச்சிருக்காரு!”

கொலெட் மெதுவாகக் கேட்டாள். “அண்ணன் மருந்து எவ்வளவு போடுவாரு அண்ணி?”

“எழுபது. அதுக்கு மேல ஒரு பொட்டு போடமாட்டாரு. ஜாஸ்தி போட்டா துணி கருகி, குண்டு கண்ட பக்கம் ஓடுமாம்.”

கொலெட் ஒரு வட்டத்தை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தாள். தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதும் பொய்தான் என்று கான்வென்ட்டில் சிஸ்டர் எட்வினா பிரம்போடு சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

“ரொம்ப அழகா வெட்டறீங்க அண்ணி.”

சனிக்கிழமை காலை, மருந்து அளக்கும் பித்தளைக் குப்பியை எம்மெட்டிடம் நீட்டினாள்.

“இன்னிக்கு எழுபது போடுங்க.”

“மருந்தைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. பயமாயிருக்கு. எனக்காகப் போடுங்க.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று வாங்கிக்கொண்டான்.

மலையில் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது.

பொழுது சாய, சீசன் முடிந்த விருந்துக்குக் குடும்பங்களெல்லாம் குடிலில் கூடின. கொலெட் குழந்தையோடு வந்தபோது வாசல் உத்தரத்தில் கொழுத்த மான் தொங்கியது. எம்மெட் அதன் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களிடமெல்லாம் “ஒரே குண்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஜெரார்ட் வியர்க்க வியர்க்கத் துப்பாக்கிக் குழாயைக் குடைந்துகொண்டிருந்தான்.

“ரெண்டு தடவை சுட்டேன், ரெண்டும் போச்சு! குழாய்க்குள்ள என்னமோ உருகிப் பிசின் மாதிரி அப்பிக்கிட்டிருக்கு. இந்தப் பாழாப்போன துணி...”

சட்டென்று நிறுத்தினான்.

“எந்தத் துணிண்ணா?” என்றாள் கொலெட்.

எல்லோருக்கும் பீன்ஸ் சூப் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவனின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஜெரார்டின் காது மடல் சிவந்தது.

கொலெட் குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். “திரும்புங்கண்ணா. சட்டம் சட்டம்தானே?”

அவன் திரும்பி நின்றான்.

“மூணு வருஷம் அவரு சட்டையை அம்மாவோட பழைய மெத்தை உறையில தச்சேன். அது தீந்துபோச்சுண்ணா. இந்த வருஷச் சட்டை நைலான்.”

சரக்கென்று ஒட்ட நறுக்கி, துணியை மடித்து எம்மெட் கையில் வைத்தாள்.

“அடுப்புல போட்டுடாதீங்க. அண்ணன் சட்டை சுத்தப் பருத்தி.”