பாதி விலைப் பாவம்

"ஓசியில வாங்கினதைக் காசுக்கு விக்கிறியே, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

சனிக்கிழமை காலை. ட்ரூடி கராஜ் கதவை முழுசாகத் தூக்கிக்கூட முடிக்கவில்லை. அதற்குள் பெர்னீஸ் அடுத்த தெருவிலிருந்து விறுவிறுவென்று நடந்து வந்து உள்ளே நின்றுவிட்டாள்.

அந்தக் கராஜில் கார் நின்று பல வருடமாகிறது. துணி சோப்பு, டூத் பேஸ்ட், ஷாம்பு, டயப்பர் என்று கூரை வரை அடுக்கி வைத்திருந்தாள் ட்ரூடி. எல்லாம் கூப்பன் சாமான். ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வரும் கூப்பன்களைக் கத்தரித்து வைத்துக்கொள்வாள். கடையில் அதே பொருளுக்குத் தள்ளுபடி போடும் நாள் வரை காத்திருந்து, இரண்டையும் சேர்த்து நீட்டி, அடிமாட்டு விலைக்கு அள்ளி வருவாள். சனிக்கிழமைகளில் அதைப் பாதி விலைக்கு விற்பாள். கென்டக்கியின் அந்தச் சின்ன ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பெர்னீஸுக்கு மட்டும் இது அடியோடு பிடிக்காது. இல்லாதவர்களுக்குச் சர்ச்சில் இலவசமாகச் சாமான் கொடுக்கிறார்களே, அதற்கு அவள்தான் பொறுப்பு. நல்ல மனுஷிதான். ஆனால் தான் நல்லவள் என்பது அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

"ஓசியில ஒண்ணும் வரல பெர்னீஸ். வாரம் பூரா கத்தரிக்கோலும் கையுமா உக்காந்திருக்கேன்," என்றாள் ட்ரூடி.

"கடை அலமாரியையே வழிச்சு எடுத்துட்டு வந்துடற. பின்னால வர்ற பிள்ளைக்காரிக்கு ஒரு டயப்பராவது மிஞ்சுதா?"

"மேனேஜர்கிட்ட முன்னாடியே சொல்லி, தனியா வரவழைச்சுத்தான் வாங்கறேன். யாரோடதையும் நான் எடுக்கல."

"வீட்டுக்குன்னு சொல்லி வாங்கினியா, விக்கறதுக்குன்னு சொல்லி வாங்கினியா?"

கேள்வி ட்ரூடியைச் சுருக்கென்று தைத்தது. கூப்பனில் வாங்கியதை விற்கக் கூடாது என்பதுதான் அந்தக் கடையின் சட்டம்.

"லாபம் பாக்கலைன்னு சொல்லு பாப்போம்!"

"பாக்கறேன். என் கரண்ட் பில் அதுலதான் போகுது. இல்லேன்னு நான் எங்க சொன்னேன்?"

"இதையெல்லாம் சர்ச்சுக்குக் குடு. இல்லாதவங்க இலவசமா வாங்கிட்டுப் போகட்டும். இன்னியோட இதை மூடு. இல்லேன்னா நேரா மேனேஜர்கிட்ட போறேன். அப்புறம் உன் கூப்பன் ஒண்ணுகூட அங்க செல்லாது."

பெர்னீஸ் சொன்னால் செய்கிறவள். ட்ரூடியின் முகம் வாடிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு பிக்கப் டிரக் திரும்பியது. எட்டிப் பார்த்த ட்ரூடி, சட்டென்று பெர்னீஸின் தோளைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் தள்ளினாள்.

"நீ உள்ள போய் ரெண்டு பேருக்கும் காபி ஊத்து. போ, போ."

"என்ன இப்படி அவசரப்படுத்தற? யாரை மறைக்கிற?"

"தயவுசெஞ்சு போ கண்ணு. கதவைச் சாத்திக்கோ."

பெர்னீஸ் போனாள். ஆனால் கதவை முழுசாகச் சாத்தவில்லை. மொத்தமாக வாங்கி வெளியூரில் தள்ளுகிற வியாபாரி எவனோ வருகிறான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று இடுக்கில் கண்ணை வைத்தாள்.

வந்தவன் வேட். அவள் பெற்ற மகன்.

"குட் மார்னிங் மிஸ் ட்ரூடி. டயப்பர் என்ன விலை சொல்றீங்க?"

"கட்டு அஞ்சு டாலர்."

"அநியாயமா இருக்கே! போன வாரம் நாலுதானே?"

"அது போன வாரம். இப்ப டயப்பருக்குக் கிராக்கி."

"மூணு கட்டா எடுத்துக்கறேன். பத்து டாலர். ஒரு துணி சோப்பு மேல போட்டுடணும்."

"உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாதுப்பா. எடுத்துட்டுப் போ."

வேட் சிரித்தான். பேரத்தில் ஜெயித்த சிரிப்பு. பர்ஸை எடுத்துப் பணத்தை நீட்டினான்.

ட்ரூடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வேலை ஏதாவது அமைஞ்சுதா?"

"லெக்சிங்டன்ல கூப்பிட்டிருக்காங்க. பாக்கணும். ஃபேக்டரில என்னை நிறுத்தினது அம்மாவுக்கு இன்னும் தெரியாது மிஸ் ட்ரூடி. தெரிஞ்சா சர்ச்லேருந்து பெட்டி பெட்டியா கொண்டுவந்து வாசல்ல இறக்கிடுவாங்க. ஊரே பாக்கும். என்னால அதைத் தாங்க முடியாது."

"என் வாயிலேருந்து வராது. போய்ட்டு வா."

சாமானைத் தூக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி போனான் வேட்.

டிரக் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பெர்னீஸ் வெளியே வந்தாள். கையில் காபி இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகன் சொல்லவில்லையே என்ற வருத்தமா, சொல்ல முடியாதபடி தான் இருந்துவிட்டோமே என்ற வருத்தமா, அவளுக்கே தெரியவில்லை.

"எத்தனை நாளா வர்றான்?"

"கொஞ்ச நாளா." ட்ரூடி அவள் முகத்தைப் பார்க்காமல் டயப்பர் கட்டுகளை நேராக அடுக்கினாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். சரி விடு. நீ சொன்ன மாதிரி இன்னியோட மூடிடறேன்."

பெர்னீஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மூடறதாவது! என் வீட்டுக்கும் பேப்பர்ல டயப்பர் கூப்பன் வருது. அடுத்த வாரத்துலேருந்து கொண்டுவந்து தரேன்."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஆனா ஒண்ணு ட்ரூடி. இவ்வளவு சீக்கிரம் அவனுக்கு விட்டுக் குடுக்காத. இன்னும் கொஞ்சம் கறாரா பேரம் பேசு. இல்லேன்னா சந்தேகப்பட்டு வராம இருந்துடுவான்."