நான்காவது மூலை

பெட்டியைத் திறந்ததும் ஞானம் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பிறகு மெல்ல இழுத்துப் பார்த்தாள். பாச்சை உருண்டை நெடிதான் வந்தது. பிள்ளையின் வாசனை இல்லை.

நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டு வருஷமாக யாரும் தொடாத பெட்டி. சாவியை அக்காவே கொடுத்திருந்தாள். இனி மருந்து வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்திரை வெயிலிலும் அக்காவுக்கு உடம்பு நடுங்கியது. எத்தனை கம்பளி போட்டும் அடங்கவில்லை.

"பிள்ளைக்க துணியில ஒரு போர்வை தச்சுத் தா, ஞானம். அது போதும் எனக்கு."

பிள்ளை என்றால் ஷைனி. அக்காவின் ஒரே மகள். ஆறு வயதில் கடல் கொண்டுபோன பிள்ளை.

அன்று அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது ஞானம்தான்.

கையை உதறிவிட்டு ஓடினாள், அலை இழுத்துவிட்டது. ஊரிடம் அப்படித்தான் சொன்னாள். போலீஸிடமும் பாதிரியாரிடமும் அதையேதான் சொன்னாள்.

அக்கா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

ஞானம் துணிகளை வெட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு எடுத்த ரோஸ் கவுன். பள்ளிக்கூடப் பாவாடை. கழுத்தில் மாங்காய்க்கறை போகாத சட்டை. அதில் மட்டும் கத்தரி ஓட மறுத்தது.

ஐந்து நாள், கையாலேயே தைத்தாள்.

தைக்கும்போது துணியை யாரோ இழுப்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பாள். கட்டில் காலில் மாட்டியிருக்கும். எடுத்துவிட்டு ஊசியைக் குத்துவாள்.

மறுபடியும் இழுக்கும்.

கடைசியில் ஒரு மூலை மிச்சமிருந்தது. பெட்டியில் இன்னும் இரண்டு சட்டைகள் கிடந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. தன் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பச்சைச் சேலையை உருவினாள். முந்தி கிழிந்திருந்தது. அந்த இடத்தையே வெட்டி வைத்துத் தைத்தாள்.

மத்தியானம் கொண்டுபோய்ப் போர்த்தினாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தடவினாள். உதடு அசைந்தது. கவுன் துண்டில் விரல் பட்டதும் கொஞ்சம் சிரித்தாள்.

மூலையில் விரல் நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"இது ஒனக்க சேலை இல்லியா? அன்னைக்கு உடுத்தது."

அவள் தலையசைத்தாள்.

"பிள்ளை இதப் பிடிச்சிருந்தாளா?"

வெளியே மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"பிடிச்சிருந்தா, அக்கா. இறுக்கிப் பிடிச்சிருந்தா. நானும் போயிருவேன்னு பயந்து... நான்தான் சேலைய இழுத்துட்டேன்."

அக்கா அழவில்லை. திட்டவில்லை. பச்சை மூலையை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். போர்வையின் இந்தப் பக்கத்தை அவளிடம் தள்ளினாள்.

"பிடிச்சுக்கோ. விடாத."

பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் நடுக்கம் துணி வழியாக அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது. வெகுநேரம் வந்தது.

பிறகு நின்றது.

மாதா கோயிலில் மணி அடித்தார்கள். வாசலில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவள் விடவில்லை.