நன்மொழிக்கு ஒரு பரீட்சை

சன்னல்கள் இரண்டையும் தாழிட்டு, கதவிடுக்கிலும் பழந்துணியைச் செருகிய பின்னரே நீலமேகம் டாக்டரை அமரச் சொன்னார். கள்வருக்கு அஞ்சி அல்ல. ராயபுரத்துத் தெருக்களுக்கு மீன்கூடைகள் வந்து சேரும் காலை வேளை அது.

"புழுங்குது, பண்டிதரே. ஒரு சன்னலையாவது திறக்கலாமே?" என்றார் டாக்டர் சுப்புராஜ்.

"வேண்டா. தெருப்பேச்சு குழந்தையின் செவியில் விழும்."

நீலமேகம் உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர். தாம் பிறந்த ஊரை அவர் எவரிடமும் சொன்னதில்லை. பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க எவராலும் இயன்றதுமில்லை. மகள் பிறந்த அன்றே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அக்குழந்தை பிழையற்ற தமிழை மட்டுமே கேட்டு வளரும்; ஆகவே பிழையற்ற தமிழை மட்டுமே பேசும். நன்மொழி என்று பெயரும் சூட்டினார்.

மனைவி கெங்கம்மா காசிமேட்டுக்காரி. "கொச்சைச் சொல் ஒன்று குழந்தையின் காதில் விழுந்தாலும், நீ உன் தாய்வீட்டில் இருப்பாய், குழந்தை என்னிடம் இருக்கும்" என்று அவளிடம் கூறிவிட்டார். அன்றுமுதல் கணவனின் எதிரில் அவள் வாய் திறப்பதே இல்லை.

இப்போது குழந்தைக்கு ஐந்து வயது. அவளும் வாய் திறக்கவில்லை. "தாகமாயின், 'நீர் வேண்டும்' எனக் கூறுக" என்று நீலமேகம் சொல்லிக் கொடுப்பார். நன்மொழி எழுந்துபோய்த் தானே மொண்டு குடித்துவிட்டு வருவாள்.

"பண்டிதர் வீட்டில் ஊமைப் பிள்ளை" என்று சக ஆசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் நகைத்தார்கள். அந்த நகைப்பை அடக்கத்தான் அவர் டாக்டரை அழைத்திருந்தார். டாக்டர் லண்டனில் படித்துவிட்டு அந்த ஆண்டுதான் கப்பலில் வந்து இறங்கியவர். குழந்தைகளின் அறிவை அளப்பது அவர் கற்றுவந்த வித்தை.

டாக்டர் பெட்டியைத் திறந்து ஒரு பசுவின் படத்தை நீட்டினார்.

"இது என்ன, பாப்பா?"

நன்மொழி படத்தைப் பார்த்தாள், தந்தையைப் பார்த்தாள், பேசவில்லை. படகுக்கும் குடைக்கும் கடிகாரத்துக்கும் அதே மறுமொழிதான் கிடைத்தது.

அடுத்து, பள்ளங்கள் வெட்டிய பலகை ஒன்றையும் மரத்துண்டுகளையும் அவள்முன் வைத்தார். அவர் நேரம் பார்க்கக் கைக்கடிகாரத்தைத் திருப்புவதற்குள், துண்டுகள் யாவும் உரிய பள்ளங்களில் உட்கார்ந்துவிட்டன.

"பார்த்தீரா?" என்றார் நீலமேகம்.

"கைப்பழக்கம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

அப்போது தாழிட்ட சன்னலையும் மீறி ஒரு மீன்காரியின் குரல் உள்ளே வந்தது. "யோவ், நீ கேக்குற வெலைக்கு மீனு வராது, மீனு மூஞ்சிய வோணா பாத்துகினு போ!"

நன்மொழி களுக்கென்று சிரித்தாள். நீலமேகத்துக்குத் திடீரென்று இருமல் வந்தது. மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"காரணம் இல்லாம சிரிக்கிறா, கவனிச்சீங்களா? இதுவும் ஒரு அறிகுறி" என்றார் டாக்டர். "பேச்சுதான் அறிவுக்கு அளவுகோல், பண்டிதரே. அஞ்சு வயசுல ஒரு சொல்கூட வரலைன்னா மந்தபுத்திதான். இந்த மாதிரிக் குழந்தைங்களுக்குன்னே மலையில ஒரு விடுதி இருக்கு. இந்த வாரமே அனுப்பிடுங்க."

"என் மகள் மந்தபுத்தி உடையவள் அல்லள். நான் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது."

"நாய்க்கும்தான் விளங்குது."

நீலமேகம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். மறுக்க வேண்டும், மறுக்கச் சான்று வேண்டும். ஐந்து ஆண்டுகளில் அவர் மகள் அவருக்கு ஒரு சொல்லைக்கூடச் சான்றாகத் தந்ததில்லை.

"எதுக்கும் நாக்கைப் பாத்துடறேன்" என்று டாக்டர் குழந்தையின் மோவாயைப் பிடித்து, ஒரு கரண்டியை வாயருகே கொண்டு போனார்.

நன்மொழி அதைத் தட்டிவிட்டாள்.

"கைய எடு! வாய்ல வுட்டே, கட்ச்சிருவேன், ஆமா! யாரு மக்கு, நானா? நா பேசுனா நைனா அம்மாவத் தொர்த்திடுவாரு; அதுக்கோசரம் கம்முனு கீறேன். உனுக்கு இன்னாய்யா வந்துச்சு?"

கரண்டி தரையில் உருண்டு நின்றது.

சமையலறையிலிருந்து கெங்கம்மா முந்தானையை இடுப்பில் செருகியபடி வந்தாள். ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாகக் கணவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினாள்.

"நாந்தான் கத்துக் குடுத்தேன். நீ இஸ்கூலுக்குப் போ சொல்லோ, நாங்க ரெண்டு பேரும் பேசிகினுதான் கெடப்போம். பெத்த கொயந்தைய மடியில போட்டுகினு வாய மூடிகினு இருக்க என்னால ஆவாது. என்னத் தொர்த்தறதுன்னா தொர்த்து. ஆனா எம்பொண்ணு எந்த மலைக்கும் போவாது!"

நீலமேகம் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவர் உதடுகள் துடித்தன. இடி விழப் போகிறது என்று கெங்கம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

டாக்டர் முந்திக்கொண்டார். "இதனால என் முடிவு மாறாது, பண்டிதரே. துறைமுகத்துக் கூலிக்காரன் போடற இரைச்சல் இது. மொழியில சேர்த்தி இல்லை. நீங்க இலக்கணம் படிச்சவர், நீங்களே சொல்லுங்க. இதைப் போய்ப் பேச்சுன்னு எடுத்துக்க முடியுமா?"

நீலமேகம் எழுந்தார். மகளின் தலைமேல் கையை வைத்தார்.

"எங்கம்மா பேசுன பேச்சுய்யா இது, பொத்திகினு கெளம்பு!"