பொடி எழுத்து

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தை வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார் அண்ணாச்சி.

ஞாயிறு ஆராதனை. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சபைக்குச் சொல்லும் சாட்சி நேரம்.

அந்தக் கண்ணில் புரை எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

பாட்டை அவர் படிக்கவில்லை. பாட்டுக்கு மேலே ராகம், தாளம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அதைப் படித்தார். பாடுகிறவர்களே அதைப் பார்ப்பதில்லை.

"இருவது வருஷமா கண்ணாடி இல்லாம ஒரு வரி வாசிச்சதில்ல. நாலு நாளா இம்புட்டும் தெரியுது."

"ஸ்தோத்திரம்" என்றது சபை.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிரே இருந்த முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. கண் கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பெண்கள் பக்கம் ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிருபாவதி. கண் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக நர்ஸ்.

எழுந்து, நடுவழியில் நேரே அவரிடம் வந்தாள். பாதிச் சாட்சியில் யாரும் அப்படி வருவதில்லை. போதகர் முகம் சுளித்தார்.

"அண்ணாச்சி, கண்ணு வலிக்கா?"

வலித்தது. புருவத்துக்கு மேலே, வெள்ளிக்கிழமையிலிருந்து. இவ்வளவு பெரிய நன்மை கிடைத்திருக்கும்போது வலியைப் பற்றிப் பேசினால் நன்றிகெட்டத்தனமாக இருக்கும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை.

"லேசா" என்றார், மைக்கை விட்டு விலகி.

அவளே ஆட்டோவில் ஏற்றினாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"எழுத்து தெரிஞ்சதுதான் அண்ணாச்சி சீக்கு."

டாக்டர் விளக்கில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் ஊறும் நீர் முன்னால் வரவேண்டும். இவருக்கு வழி தவறிப் பின்னால் தேங்குகிறது. அது ஆபரேஷனில் வைத்த புது லென்ஸை முன்னால் தள்ளுகிறது. தள்ளத் தள்ளக் கிட்டத்தில் நன்றாகத் தெரியும், தூரம் மங்கும். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிடும்.

"இன்னும் ரெண்டு நாள் இப்படியே வாசிச்சிருந்தீங்கன்னா, பிறகு வாசிக்கவே வேண்டியிருந்திருக்காது."

முதலில் அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் வியாதியைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. மறுபடியும் ஆபரேஷன் செய்து, நீருக்கு வழி திறந்துவிட்டார்கள்.

ஏழாவது ஞாயிறு. பாதியில் நின்ற சாட்சியை முடிக்கவேண்டும் என்று அவரே கேட்டு எழுந்தார்.

அதே புத்தகம். அதே பக்கம். கண்ணாடியைக் கழற்றினார். புத்தகத்தைக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடியும் கிட்டே கொண்டுவந்தார்.

"ஒரு எழுத்துகூடத் தெரியல" என்றார்.

முகமெல்லாம் சிரிப்பு.

போதகர் கீழே பார்த்தார். யாரோ இருமினார்கள்.

அவர் தலையை நிமிர்த்தினார். கடைசி வரிசையில் கிருபாவதி இருந்தாள். அவளுடைய முகம், மூக்குத்தி இல்லாத மூக்கு, நெற்றியில் விழுந்த ஒற்றை நரைமுடி வரைக்கும் தெரிந்தது.

அவள் மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

"ஸ்தோத்திரம்."