ஸ்கேனில் விழுந்த நிழல்

சாகப்போகிறவன் மாதிரி சிங்காரவேலு முக்கால் ஏக்கர் நிலத்துப் பட்டாவை எடுத்து மனைவி லீலாவதியிடம் நீட்டினான். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அவனுக்கும் அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

மொபெட்டிலிருந்து தலைகுப்புற விழுந்து பத்து நாள் ஆகிறது. அந்த அடி ஆறிவிட்டது என்றுதான் திருச்சி டாக்டரும் சொன்னார். ஆனால் ஸ்கேனில், வேறொரு இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நிழல். என்னவென்று அவருக்கே பிடிபடவில்லை.

“முன்னாடி எப்பவாவது தலையில பலமா அடிபட்டிருக்கா? அப்படின்னா இது பழைய தழும்பு, பயமில்ல. இல்லன்னா மண்டையத் திறந்துதான் பாக்கணும்.”

மொபெட்டிலிருந்து விழும்வரை தலையில் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை என்று சொல்லிவிட்டான் சிங்காரவேலு. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்றார்கள். அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லீலாவதி வாங்கிக் கொடுத்த டீயை, சூடு தெரியாமலே குடித்து முடித்தான்.

ஆபரேஷனுக்கு முன் கருப்பு கோயிலில் பொங்கல் வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போது அவன் ஆசை. எட்டு வருஷத்துக்கு முன்புவரை அவன் மொடாக்குடியன். ஒருநாள் போதையில் கருப்பு கோயில் வாசலிலேயே பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். லீலாவதி மேல் கையை ஓங்கியதுவரைதான் நினைவு. மறுபடி கண் விழிக்க இரண்டு நாள் ஆயிற்று.

கருப்பு அடித்துவிட்டது என்றது ஊர். அன்றோடு குடியை விட்டான். சிமெண்ட் ஆலையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக்கூட விடாமல் பிடித்து உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுவான். லீலாவதி மட்டும் ஒருநாளும் அந்தக் கோயில் பக்கம் வந்ததில்லை.

“இந்த ஒரு தடவையாச்சும் எங்கூட வாயேன். கருப்பு மனசு வெச்சா நான் பொழச்சுக்குவேன்.”

லீலாவதி மடியிலிருந்த பட்டாவை எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, ஆபரேஷனும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம், விடிந்ததும் திருச்சிக்குப் போய் டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். அவரிடம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டான்.

அவள் சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு ஒங்கள அடிச்சது கருப்பு இல்லீங்க. நான்தான், ஒலக்கையால.”