நாலு மாவு உருண்டை

இது நான் நேரில் பார்த்ததில்லை. இங்கே மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸில் என்னோடு வேலை பார்க்கும் சிவநேசன், மதியச் சாப்பாட்டின்போது சொன்னது. கிள்ளானில் அவன் வீட்டில் நடந்தது.

அவனுடைய அம்மா உஷாராணி ஆன்டியின் வைர மூக்குத்தியைக் காணவில்லை.

"முகம் கழுவறப்ப கழட்டி பேசின் ஓரத்துல வச்சேன். அப்புறம் அங்க கூட்ட வந்தது யாரு?"

வீட்டில் இருப்பதே நாலு பேர். ஆன்டி, அவர் கணவர் பரமேஸ்வரன், சிவநேசன், அப்புறம் புனிதா. புனிதா அறந்தாங்கியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, அங்கேயே தங்கி வீட்டு வேலை செய்பவள்.

"நான் எடுக்கல அக்கா."

"நீ எடுத்தேன்னு நான் சொன்னேனா?"

"வாய் சொல்லல. கண்ணு சொல்லுதே."

"வாயைப் பாருங்க இவளுக்கு!" என்று ஆன்டி கணவரிடம் திரும்பினார். "நாளைக்குக் காலையில போலீஸ் ரிப்போர்ட் போட்டுடறேன்."

புனிதாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. திருட்டுப் புகார் என்றால் பெர்மிட் போகும். ஊரில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். 'மலேசியாவில் திருடி மாட்டினவளின் மகள்' என்ற பேச்சு, இவள் போய் இறங்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

"ரிப்போர்ட்டெல்லாம் அப்புறம்லா. மொதல்ல நல்லாத் தேடு," என்றார் பரமேஸ்வரன் அங்கிள்.

"தேடியாச்சு. சரி, ஒரு வழி இருக்கு. காப்பார் தோட்டத்துல எங்கப்பா மண்டோரா இருந்து ஆளுங்கள வேலை வாங்கினப்ப செய்வாரு."

தோட்டத்தில் ஏதாவது காணாமல் போனால், எல்லோரும் தனித்தனியாகப் போய் ஒரு மண் உருண்டை பிடித்து, ஒரே பானையில் போட வேண்டுமாம். எடுத்தவர் அந்தப் பொருளை உருண்டைக்குள் வைத்துப் போட்டுவிடலாம். யார் போட்டது என்று தெரியாது. கேட்கவும் கூடாது.

"மண்ணுக்கு எங்கம்மா போறது? வாசல் முழுக்க சிமெண்ட் போட்டு வச்சிருக்கீங்க," என்றான் சிவநேசன்.

"கோதுமை மாவு இருக்குல்ல?"

"அப்ப ராத்திரிக்குச் சப்பாத்தி."

"விளையாடாதடா. நாலு பேரும் போடணும், நானும்தான். அடுத்தவங்க பொருள் யார்கிட்ட இருந்தாலும் வச்சுடுங்க. யாருன்னு கேக்க மாட்டேன். சாமி சத்தியம்."

ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புனிதா போன வேகத்தில் திரும்பி வந்தாள். அடுத்தது சிவநேசன். பரமேஸ்வரன் அங்கிள்தான் உள்ளே போய் வெளியே வரவே இல்லை.

"என்னப்பா, புரோட்டாவா வீசறீங்க?"

கையெல்லாம் மாவோடு அவர் வந்ததும், கடைசியாக ஆன்டி போனார். வரும்போது உருண்டைகள் கிடந்த குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

சிவநேசன்தான் உடைத்தான். முதல் உருண்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை அழுத்தும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. புனிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூக்குத்தி இல்லை. ஒரு சின்னப் பித்தளைச் சாவி.

நாலாவது உருண்டையும் வெறும் மாவுதான்.

"இது எந்தச் சாவி அக்கா?" என்று கேட்டவள் புனிதா மட்டும்தான். மற்ற மூன்று பேருக்கும் தெரியும். ஆன்டியின் அறை அலமாரியில் இருக்கும் லாச்சியின், அதாவது இழுப்பறையின், சாவி. அந்த லாச்சிக்குள் புனிதாவின் பாஸ்போர்ட் இருந்தது. அவள் வந்து இறங்கிய அன்றே, "என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று ஆன்டி வாங்கிப் பூட்டியது. மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அடுத்த மாசம் பார்க்கலாம்லா" என்பார்.

ஆன்டி யாரையும் எதுவும் கேட்கவில்லை. சாவியில் ஒட்டியிருந்த மாவை முந்தானையில் துடைத்து, புனிதாவின் கையில் வைத்தார்.

"அலமாரி லாச்சி. போய்த் திற. உன்னோடதை எடுத்துக்க."

போலீஸ் பேச்சு அதோடு நின்றுபோனது. அடுத்த மாதமே புனிதா ஊருக்கு விமானம் ஏறினாள். அதற்குப் பிறகு ஒரு நாள், வாஷிங் மெஷின் கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளிருந்து மூக்குத்தி கிடைத்தது. துண்டோடு போயிருக்கிறது. ஆன்டி போன் போட்டுச் சொன்னாராம்.

"இப்பவாச்சும் நல்லாத் தேடுனீங்களே அக்கா," என்றாளாம் புனிதா.

சிவநேசன் தட்டைத் தள்ளி வைத்தான். "எங்கப்பா பெரிய ஆளுடா. அம்மாகிட்ட நேராச் சொல்ல முடியாததை ஒரு மாவு உருண்டையில சொல்லிட்டாரு."

"அவர்தான் போட்டாருன்னு எப்படித் தெரியும்? கேட்டியா?"

"கேக்கக் கூடாதே. ஆனா நான் போடல. புனிதாவுக்கு அது என்ன சாவின்னே தெரியாது. அப்பாகிட்ட இன்னொரு சாவி இருந்திருக்கும்."

இருந்திருக்கும். அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்தியது.

தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பரமேஸ்வரன் அங்கிள் வாசலில் தனியாக நின்று நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், நான் உருண்டை பிடிக்காதவன். நான் கேக்கலாம்ல? அந்த லாச்சிக்கு இன்னொரு சாவி உங்ககிட்ட இருந்துச்சா?"

"இன்னொண்ணா?" அவர் சிரித்துவிட்டு, உள்ளே முறுக்குத் தட்டோடு நடமாடிக்கொண்டிருந்த ஆன்டியைப் பார்த்தார். "கடையிலேருந்து வந்ததே ஒரே சாவிதான் தம்பி. அது எப்பவும் அவ தாலிக்கொடியிலதான் கிடக்கும். தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டா."